தாராவி சிறுதொழில்கள்: திட்டங்கள் அருகில், பயன் தொலைவில் – மறுசீரமைப்புக்கு முன் முடிக்க வேண்டிய பணி என்ன?

மும்பை: மித்தி ஆற்றின் ஒரு கரையில் பாந்த்ரா-குர்லா வணிக வளாகம், மறுகரையில் தாராவி. அந்த வளாகத்தின் ஜி பிளாக்கில் உள்ள ஸ்வாவலம்பன் பவனில், இந்திய சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியின் அலுவலகம் இயங்குகிறது. சொத்துப் பிணை இல்லாமல் சிறு நிறுவனங்களுக்கு வழங்கப்படும் கடன்களுக்கு உத்தரவாதம் அளிக்கும் மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி அறக்கட்டளையும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறது. தாராவியின் பிளாஸ்டிக் மறுசுழற்சிக் கூடங்கள் நிறைந்த 13ஆவது காம்பவுண்டிலிருந்து பார்த்தால் அது ஆற்றுக்கு அக்கரையில் உள்ள இடம். ஆனால் அந்த ஆற்றைக் கடந்து அரசின் உதவி இக்கரைக்கு வந்து சேர்வது இன்றும் அரிதாகவே உள்ளது.

இந்தியாவில் சிறுதொழில்களுக்குத் திட்டங்கள் குறைவு என்று இன்று எவரும் கூற இயலாது. போட்டித்திறனை உயர்த்தவும், தொழிலாளர் திறனை வளர்க்கவும், சுற்றுச்சூழல் பொறுப்பை ஏற்கச் செய்யவும் மத்திய அரசு கடந்த சில ஆண்டுகளில் அடுத்தடுத்துத் திட்டங்களை அறிவித்துள்ளது. இந்த மூன்று நோக்கங்களும் ஒரே இடத்தில் சோதிக்கப்படும் களமாகத் தாராவி விளங்குகிறது. தோல் பொருட்கள், ஆடை தயாரிப்பு, மண்பாண்டம், தின்பண்டம், மறுசுழற்சி என ஐந்து பெரும் தொழில்கள் சுமார் 600 ஏக்கர் பரப்பில் நெருக்கியடித்து நடைபெறுகின்றன. ஒற்றை அறைத் தொழிற்கூடங்கள் மட்டும் ஏறத்தாழ 15,000 என்பது நீண்ட காலமாக மேற்கோள் காட்டப்படும் மதிப்பீடு.

இந்நிலையில், தாராவி மறுசீரமைப்புத் திட்டம் நடைமுறைக் கட்டத்தை எட்டியுள்ளது. வீடுகளைப் பற்றிய விவாதமே இதுவரை முன்னிலை பெற்று வந்திருக்கிறது. எந்தத் தொழிற்கூடம் எங்கே போகும், எந்தத் தகுதியுடன் போகும் என்ற கேள்விக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. அந்தக் கேள்விக்கான விடைதான், மத்திய, மாநில அரசுகளின் சிறுதொழில் கொள்கைகள் தாராவியில் பயன் தருமா என்பதைத் தீர்மானிக்கும்.

பதிவு எளிது, அடுத்த படி கடினம்

சிறுதொழில் திட்டங்கள் அனைத்துக்கும் நுழைவாயில், 2020 ஜூலை 1ஆம் தேதி தொடங்கப்பட்ட உத்யம் பதிவு. இதற்குக் கட்டணம் இல்லை. ஆவணம் எதையும் பதிவேற்ற வேண்டியதில்லை. ஆதார் எண், வருமான வரித் துறையின் பான் எண் ஆகியவற்றுடன் தன்னறிவிப்பே போதும். ஜிஎஸ்டி வரம்புக்குள் வராத மிகச் சிறிய தொழில்களுக்காக 2023 ஜனவரியில் உத்யம் உதவித் தளமும் தொடங்கப்பட்டது. இரண்டையும் சேர்த்துப் பதிவுகளின் எண்ணிக்கை 6 கோடியைக் கடந்துவிட்டது.

2025 ஏப்ரல் 1 முதல் வரையறையும் விரிவுபடுத்தப்பட்டுள்ளது. இயந்திர முதலீடு 2.5 கோடி ரூபாய்க்கும், ஆண்டு விற்றுமுதல் 10 கோடி ரூபாய்க்கும் மிகாத நிறுவனம் இப்போது குறுநிறுவனம். தாராவியின் கூடங்களில் பெரும்பாலானவை இந்த வரம்பின் அடித்தட்டிலேயே அடங்கிவிடும். கடன் உத்தரவாத வரம்பும் அதே தேதியிலிருந்து 10 கோடி ரூபாயாக உயர்த்தப்பட்டது. உத்யம் பதிவு பெற்ற குறுநிறுவனங்களுக்கு 5 லட்சம் ரூபாய் வரம்புள்ள கடன் அட்டை வழங்கப்படும் என்று 2025-26 மத்திய பட்ஜெட் அறிவித்தது.

ஆக, முதல் வாயில் அகலமாகவே திறந்திருக்கிறது. சிக்கல் இரண்டாவது வாயிலில் தொடங்குகிறது. இயந்திரம் வைத்து இயங்கும் கூடத்துக்கு 1888ஆம் ஆண்டின் மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் 390, 394 ஆகிய பிரிவுகளின் கீழ் அனுமதி தேவைப்படுகிறது. மாசு உண்டாக்கக்கூடிய தொழில் என்றால் மகாராஷ்டிர மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும். இவை இரண்டுக்கும் அடிப்படை, இடத்தின் மீதான உரிமையைக் காட்டும் ஆவணம். அரசு நிலத்திலோ மாநகராட்சி நிலத்திலோ எழுந்த கட்டடத்தின் மேல்தளத்தில், எழுதப்படாத வாடகை ஒப்பந்தத்தில் தொழில் நடத்துபவரிடம் அந்த ஆவணம் இருப்பதில்லை. வங்கி அதிகாரி கேட்கும் முதல் கேள்வியும் இதுவாகவே அமைகிறது.

பதிவின் வகையும் பயனைக் குறைக்கிறது. உதவித் தளத்தின் வழியாகக் கிடைக்கும் சான்றிதழ் முன்னுரிமைக் கடன் பெறுவதற்கானது. பழைய பொருட்களை வாங்கி விற்கும் வியாபாரி 2021 ஜூலை முதல் உத்யம் பதிவு பெறலாம் என்றாலும், அவருக்கும் முன்னுரிமைக் கடன் என்ற ஒரே பயன்தான் உண்டு. தாராவியின் மறுசுழற்சிச் சங்கிலியில் வாங்குவோர், தரம் பிரிப்போர், அரைப்போர், உருக்குவோர் எனப் பலர் உள்ளனர். இவர்களில் யார் வியாபாரி, யார் உற்பத்தியாளர் என்ற வகைப்பாடே ஒருவர் பெறும் உதவியைத் தீர்மானித்துவிடுகிறது.

தரச்சான்றும் தாமதக் கட்டணமும்

போட்டித்திறன் குறித்த முதன்மைத் திட்டம், குறைபாடும் சுற்றுச்சூழல் பாதிப்பும் இல்லாத உற்பத்தியை வலியுறுத்தும் 'இசட்இடி' சான்றிதழ். 2016இல் தொடங்கப்பட்ட இத்திட்டம் 2022 ஏப்ரலில் புதுப்பிக்கப்பட்டது. வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று நிலைகள் உள்ளன. வெண்கலச் சான்றுக்குத் தலைமைப் பண்பு, தூய்மையான பணியிடம், பணியிடப் பாதுகாப்பு, உரிய காலத்தில் சரக்கு ஒப்படைத்தல், தர மேலாண்மை ஆகிய ஐந்து அளவுகோல்கள் மட்டுமே. கட்டணம் 10,000 ரூபாய். அதில் 80 சதவீதத்தைக் குறுநிறுவனங்களுக்கு அரசே ஏற்கிறது.

ஐந்து அளவுகோல்களில் மூன்றைத் தாராவியின் தேர்ந்த தோல் பை தயாரிப்பாளர் ஏற்கெனவே நிறைவேற்றி வருகிறார் என்றே கூறலாம். சரக்கைக் குறித்த நாளில் ஒப்படைக்காவிட்டால் அடுத்த ஆர்டர் கிடைக்காது என்பது அங்கே எழுதப்படாத விதி. எஞ்சிய இரண்டு அளவுகோல்களான தூய்மையும் பாதுகாப்பும் அவருடைய முயற்சியை மட்டும் சார்ந்தவை அல்ல. ஒரே ஏணி வழியாக ஏறி இறங்க வேண்டிய மேல்தளம், காற்றோட்டமற்ற அறை, பொதுவான மின் இணைப்பு ஆகியவற்றைத் தனியொரு வாடகைதாரரால் மாற்ற இயலாது.

பணம் வந்து சேரும் காலத்தையும் அரசு கட்டுப்படுத்த முயன்றுள்ளது. சிறு, குறு நிறுவனங்களிடம் சரக்கோ சேவையோ வாங்குவோர், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் 45 நாட்களுக்குள்ளும், இல்லையெனில் 15 நாட்களுக்குள்ளும் பணம் செலுத்த வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. தவறினால் அந்தத் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் கணக்குக் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டத்தில் 2023இல் 43பி(எச்) பிரிவு சேர்க்கப்பட்டது. சிறுதொழில் கொள்கையில் இது வலிமையான கருவி.

ஆனால் தாராவியின் பெரும்பகுதி வேலை, பெரிய நிறுவனங்களுக்காகக் கூலிக்குச் செய்து தரப்படுவது. கணக்குத் துண்டுச் சீட்டில் எழுதப்படுகிறது. ரசீது இல்லாத இடத்தில் 45 நாட்களை எந்தத் தேதியிலிருந்து கணக்கிடுவது? சட்டத்தின் பாதுகாப்பு, பதிவும் ரசீதும் உள்ளவருக்கு மட்டுமே கிடைக்கிறது. பதிவு பெற்றவரிடம் வாங்கினால் கெடுபிடி என்று கருதும் கொள்முதலாளர்கள் பதிவு பெறாதவர்களை நாடக்கூடும் என்ற அச்சமும் விதி வந்தபோதே எழுப்பப்பட்டது. தாராவியில் அந்த அச்சத்தைப் புறந்தள்ள முடியாது.

சட்டமே உருவாக்கிய சந்தை

சுற்றுச்சூழல் பொறுப்பு என்ற தலைப்பில் தாராவி எப்போதும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுகிறது. உண்மை இருபக்கமும் கூர்மையானது. மும்பையின் பிளாஸ்டிக் கழிவு குப்பைக்கிடங்கையும் கடலையும் சென்றடையாமல் தடுப்பதில் தாராவியின் பங்கு பெரிது. அதே வேளையில், கழுவிய நீர் சாக்கடையில் கலக்கிறது. உருக்கும்போது எழும் புகையைத் தொழிலாளர்கள் முகமூடியின்றிச் சுவாசிக்கின்றனர். நகரம் பெறும் நன்மைக்கான விலையை அங்கே வசிப்போரின் நுரையீரல் செலுத்துகிறது.

2022 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகள் இத்தொழிலின் பொருளாதாரத்தையே மாற்றும் தன்மை கொண்டவை. பிளாஸ்டிக் உறைகளைச் சந்தைக்குக் கொண்டுவரும் நிறுவனங்கள், அதற்கு ஈடான கழிவு மறுசுழற்சி செய்யப்பட்டதற்கான சான்றிதழ்களைக் காட்ட வேண்டும். மேலும், கெட்டியான பிளாஸ்டிக் உறைகளில் 2025-26 முதல் 30 சதவீதம் மறுசுழற்சிப் பொருள் இருக்க வேண்டும். அது படிப்படியாக உயர்ந்து 2028-29இல் 60 சதவீதத்தை எட்ட வேண்டும் என்று அந்நெறிமுறைகள் கால அட்டவணை வகுத்தன.

அதாவது, தாராவி பல ஆண்டுகளாகத் தயாரித்துவரும் பிளாஸ்டிக் குருணைக்குச் சட்டமே கட்டாயச் சந்தை ஒன்றை உருவாக்கியுள்ளது. ஆனால் சான்றிதழை வழங்கும் உரிமை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்கு மட்டுமே உண்டு. பதிவுக்கு இசைவாணை வேண்டும். இசைவாணைக்கு இட ஆவணம் வேண்டும். இங்கும் அதே இரண்டாவது வாயில்தான். விளைவாக, 13ஆவது காம்பவுண்டில் உருவாகும் குருணை பெயரில்லாத மூலப்பொருளாக விற்கப்படுகிறது. அதே தரத்திலான குருணை பதிவு பெற்ற ஆலையிலிருந்து வெளிவந்தால், அதற்குக் குருணையின் விலையோடு சான்றிதழின் விலையும் கிடைக்கிறது.

வரிக் கொள்கையும் இதற்கு எதிர்த்திசையில் நிற்கிறது. பிளாஸ்டிக் கழிவு மீதான ஜிஎஸ்டி 2021 அக்டோபரில் 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்த்தப்பட்டது. குப்பை சேகரிப்போரிடமிருந்து ரசீதின்றி வாங்கும் மறுசுழற்சியாளர், உள்ளீட்டு வரி வரவு எதையும் பெற முடியாமல், விற்கும்போது முழு வரியையும் செலுத்த வேண்டியவராகிறார். பதிவு பெறுவதே நட்டம் என்ற கணக்குக்கு அவர் வந்தால் அதில் வியப்பில்லை.

இயந்திரத்தை மாற்றவும் உதவி உண்டு. உலக வங்கி ஆதரவுடன் நடைபெறும் 'ராம்ப்' திட்டத்தின் கீழ் 2023 டிசம்பரில் இரு துணைத் திட்டங்கள் தொடங்கப்பட்டன. பசுமைத் தொழில்நுட்பக் கடனுக்கு 2 சதவீத வட்டிச் சலுகை தருவது 'கிஃப்ட்'. பிளாஸ்டிக், ரப்பர், மின்னணுக் கழிவு மறுசுழற்சி இயந்திரங்களுக்கான கடனில் 25 சதவீதத்தை, அதிகபட்சம் 12.5 லட்சம் ரூபாய் வரை, மானியமாகத் தருவது 'ஸ்பைஸ்'. கழுவும் நீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் 20 லட்சம் ரூபாய் இயந்திரத் தொகுதியை ஒருவர் முழுவதும் கடனில் வாங்கினால் 5 லட்சம் ரூபாய் மானியமாகக் கிடைக்கும். இவை சிட்பி வழியாகச் செயல்படுத்தப்படுகின்றன என்பது கவனிக்கத்தக்கது. பணம் இருக்கும் இடம் ஆற்றின் அக்கரைதான்; கடன் பெறும் தகுதிதான் இக்கரையில் இல்லை.

கையில் உள்ள திறன், காகிதத்தில் இல்லாத திறன்

தாராவியில் தரம் பிரிக்கும் தொழிலாளி ஒரு பிளாஸ்டிக் துண்டைத் தட்டி எழும் ஓசையாலும், வளைத்துப் பார்த்தும், ஓரத்தை எரித்து வரும் வாசனையாலும் அதன் வகையை அறிகிறார். ஆய்வுக்கூடம் கருவி கொண்டு செய்வதை அவர் விரல்களால் செய்கிறார். ஆயினும் அரசின் கணக்கில் அவர் திறனற்ற தொழிலாளி.

2023 செப்டம்பர் 17இல் தொடங்கப்பட்ட பி.எம். விஸ்வகர்மா திட்டம் 18 கைத்தொழில்களை உள்ளடக்கியது. பயிற்சிக் காலத்தில் நாளொன்றுக்கு 500 ரூபாய் உதவித்தொகை, கருவிகளுக்கு 15,000 ரூபாய், 5 சதவீத வட்டியில் இரு தவணைகளாக 3 லட்சம் ரூபாய் வரை பிணையில்லாக் கடன் ஆகியவை இதன் பயன்கள். குயவர், காலணி தயாரிப்பவர், தையற்காரர் ஆகியோர் பட்டியலில் உள்ளதால் கும்பார்வாடாவின் சௌராஷ்டிரக் குயவர் குடும்பங்களுக்கும், தையற்கூடங்களில் சுயமாகத் தொழில் செய்வோருக்கும் இது பொருந்துகிறது. பிளாஸ்டிக் தரம் பிரிப்பவர் பட்டியலில் இல்லை. சுயதொழில் செய்வோருக்கே திட்டம் என்பதால், முதலாளியிடம் துண்டுக் கூலிக்கு வேலை செய்யும் தேர்ந்த கைவினைஞரும் விடுபடுகிறார். குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே பயன் என்ற விதியும் உண்டு.

தமிழர்களைப் பொறுத்தவரை இது வரலாற்றோடு தொடர்புடைய செய்தி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் தாராவியின் தோல் தொழிலுக்கு அடித்தளமிட்டவர்களில் முக்கியமானவர்கள். பதனிடும் கூடங்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. காளை, எருதுகளை வெட்டத் தடை விதிக்கும் சட்டம் 2015இல் மகாராஷ்டிரத்தில் நடைமுறைக்கு வந்தபோது உள்ளூர்த் தோல் வரத்தும் சுருங்கியது. இன்று எஞ்சியிருப்பது வெளியிலிருந்து வரும் தோலை வெட்டி, தைத்து, பையாகவும் வாராகவும் மாற்றும் கைத்திறன். மூலப்பொருள் பலம் போன பிறகு திறன் ஒன்றே முதலாக நிற்கும் தொழில் அது. அந்தத் திறனுக்குச் சான்றளித்தல் அலங்காரம் அன்று, பிழைப்புக்கான தேவை.

முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் ஏற்கெனவே உண்டு. வேலையிலேயே கற்ற திறனைச் சோதித்துச் சான்றிதழ் வழங்குவதே அதன் நோக்கம். அதற்கான அறிவுத் துணையும் தொலைவில் இல்லை. பாலிமர் பொறியியல் துறையைக் கொண்ட வேதியியல் தொழில்நுட்பக் கழகமும், 1887இல் நிறுவப்பட்ட வீரமாதா ஜீஜாபாய் தொழில்நுட்பக் கழகமும் தாராவியை அடுத்த மாட்டுங்காவில்தான் உள்ளன. மும்பை பெருநகரப் பகுதிக்கான மாநிலத் தொழில்துறை இணை இயக்குநர் அலுவலகம் செம்பூரில் உள்ளது. நிதி, அறிவு, நிர்வாகம் மூன்றும் சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இருக்கின்றன. அவற்றைத் தாராவியின் தெருவில் ஒன்றுசேர்க்கும் அமைப்புதான் இல்லை.

மறுசீரமைப்பும் 225 சதுர அடியும்

தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தில் 2022 நவம்பரில் அதானி குழும நிறுவனம் 5,069 கோடி ரூபாய் கோரி முன்னிலை பெற்றது. 2023 ஜூலையில் மாநில அரசு ஒப்புதல் அளித்தது. அதானி தரப்புக்கு 80 சதவீதமும் மாநில அரசுக்கு 20 சதவீதமும் பங்குள்ள நவ்பாரத் மெகா டெவலப்பர்ஸ் என்ற சிறப்பு நோக்க நிறுவனம் பணிகளை மேற்கொள்கிறது. 2024 மார்ச்சில் வீடுவீடான கணக்கெடுப்பு தொடங்கியது. 2025 மே 28ஆம் தேதி முதலமைச்சர் தேவேந்திர பட்னவிஸ் பெருந்திட்டத்துக்கு ஒப்புதல் வழங்கினார். தாராவியின் தொழில்களுக்கும் கைவினைஞர்களுக்கும் அங்கேயே இடம் கிடைக்க வேண்டும் என்ற கருத்தும் அப்போது வலியுறுத்தப்பட்டது.

2000 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வசிப்போருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசமாகக் கிடைக்கும். தகுதி பெறும் வணிகக் கூடங்களுக்கு 225 சதுர அடி இலவசம். அங்கு இயங்கும் தொழில்களுக்கு ஐந்தாண்டுகளுக்கு மாநில ஜிஎஸ்டி திருப்பித் தரப்படும் என்ற சலுகையும் உண்டு. மாசு உண்டாக்காத தொழில்களுக்கே தாராவிக்குள் இடம் என்பது பொதுவான அணுகுமுறை.

இவற்றை ஒவ்வொன்றாக உரசிப் பார்க்க வேண்டும். 225 சதுர அடி என்பது 15 அடிக்கு 15 அடி. ஐந்து தையல் இயந்திரங்களுக்கோ, தோல் வெட்டும் மேசை ஒன்றுக்கோ அது போதும். அரைக்கும் இயந்திரம், கழுவும் தொட்டி, உலர்த்தும் பரப்பு, உருக்கும் இயந்திரம், மூட்டைகள் என நீளும் மறுசுழற்சிக் கூடத்துக்குப் போதாது; அங்கு கூரைகளே உலர்த்தும் களமாகப் பயன்படுகின்றன. சூளையில் துணிக்கழிவை எரித்துப் பானை சுடும் குயவருக்கும் அடுக்குமாடியில் அறை ஒன்று மட்டும் விடையாகாது.

வரிச் சலுகை, ஜிஎஸ்டி பதிவு பெற்று வரி செலுத்துபவருக்கே பொருள் உடையது. வரி வலைக்கு வெளியே உள்ள ஆயிரக்கணக்கான கூடங்களுக்குத் திருப்பித் தர எதுவும் இருக்காது. இடத்தின் உரிமையாளர் ஒருவர், தொழில் நடத்துபவர் வேறொருவர் என்ற நிலையில், கணக்கெடுப்பு யாரைப் பயனாளியாக எழுதிக்கொள்கிறது என்பதே ஒரு தொழிலின் ஆயுளைத் தீர்மானிக்கும். மேல்தளத்தில் கூடம் நடத்தும் வாடகைதாரர் இந்தக் கணக்கில் மிகவும் பலவீனமான நிலையில் இருக்கிறார்.

மாசு உண்டாக்கும் தொழில்கள் வெளியேற வேண்டும் என்ற நிபந்தனையிலும் ஓர் ஆபத்து உண்டு. செம்பூரை அடுத்த தேவ்னார் குப்பைக்கிடங்கு நிலத்தில் சுமார் 124 ஏக்கரை மறுவாழ்வுக்காக ஒதுக்க மாநில அரசு 2024இல் முடிவெடுத்தது. கிழக்குப் புறநகரின் அந்தப் பகுதி ஏற்கெனவே மாநகரின் குப்பையையும் ஆலைகளின் புகையையும் சுமந்து வருகிறது. உரிய வசதியின்றி வெளியேற்றப்படும் கூடங்கள் தேவ்னாரிலோ, கோவண்டியிலோ, மாநகர எல்லைக்கு அப்பாலோ முறைசாரா வகையில் மீண்டும் முளைக்கும். தாராவியின் வரைபடத்தில் மாசு குறையும். மும்பையின் காற்றில் குறையாது.

தமிழகம் கற்ற பாடம்

சிறுதொழிலும் மாசும் மோதிய களங்கள் தமிழகத்துக்குப் புதியவை அல்ல. பாலாற்றுப் படுகையின் தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பான வேலூர் மக்கள் நல மன்ற வழக்கில், 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. நொய்யல் மாசு தொடர்பாக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவால் திருப்பூரின் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய ஆலைகள் ஒரே வீச்சில் மூடப்பட்டன.

அதன்பின் திருப்பூர் மீண்டெழுந்ததற்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களே காரணம். கழிவுநீரை வெளியேற்றாமல் முழுவதும் மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவரும் தொழில்நுட்பத்தைத் தனித்தனிச் சாய ஆலைகளால் வாங்க இயலவில்லை. கூட்டாகச் சேர்ந்து, மாநில அரசின் வட்டியில்லாக் கடன் உதவியுடன் நிறைவேற்றினார்கள். இன்று அயல்நாட்டுக் கொள்முதலாளர்களிடம் அதையே திருப்பூர் தன் தகுதியாக எடுத்துரைக்கிறது. சுற்றுச்சூழல் பொறுப்பே போட்டித்திறனாக மாறிய எடுத்துக்காட்டு அது.

இதிலிருந்து இரு பாடங்கள் தெளிவாகின்றன. சிறுதொழிலின் மாசைத் தனிக் கூடத்தின் அளவில் தீர்க்க முடியாது. பொது வசதி வேண்டும். அந்த வசதி, மூடல் உத்தரவு வந்த பிறகு கட்டப்பட்டால் இழப்பு பெரிது. முன்னதாகக் கட்டப்பட்டால் சிறிது. தாராவிக்கு இன்னும் அந்த 'முன்னதாக' என்ற வாய்ப்பு இருக்கிறது.

புணேயிலும் ஒரு முன்மாதிரி உண்டு. குப்பை சேகரிக்கும் தொழிலாளர்களே உறுப்பினர்களாக உள்ள ஸ்வச் கூட்டுறவு அமைப்பு, மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு வீடுவீடாகக் குப்பை சேகரிக்கிறது. முறைசாராத் தொழிலாளர்களை அகற்றாமல் முறைப்படுத்த முடியும் என்பதை அதே மாநிலத்தின் இன்னொரு மாநகரம் நிரூபித்துள்ளது.

வரிசை மாற வேண்டும்

தாராவிக்குப் புதிய திட்டம் எதுவும் தேவைப்படவில்லை. இருக்கும் திட்டங்களை நிறைவேற்றும் வரிசைதான் மாற வேண்டும். இன்றைய வரிசையில் முதலில் இடம், பிறகு ஆவணம், பிறகு உரிமம், இறுதியில் உதவி. இடம் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் தொழிலே கலைந்துவிடும். கட்டடம் எழும் முன்பே கூடங்களைத் தகுதிப்படுத்துவதுதான் அறிவார்ந்த வழி.

முதலாவதாக, கணக்கெடுப்பில் பதிவான ஒவ்வொரு தொழிற்கூடத்துக்கும், உரிமையாளர் யார் என்ற கேள்வியிலிருந்து விலக்கி, தொழில் நடத்துபவரின் பெயரில் இடைக்காலத் தொழில் அடையாளச் சான்று வழங்கலாம். உரிமம், இசைவாணை, வங்கிக் கடன் ஆகியவற்றுக்கு அதை இட ஆவணத்துக்கு மாற்றாக ஏற்கும்படி மாநில அரசு ஆணையிட முடியும். சாலையோர வியாபாரிகளுக்கு விற்பனைச் சான்றிதழ் வழங்கி, அதன் அடிப்படையில் பி.எம். ஸ்வநிதி கடன் அளிக்கும் முறை 2020 முதல் நடைமுறையில் உள்ளது. நிலம் சொந்தமில்லாதவருக்கும் தொழில் அடையாளம் தர முடியும் என்பதற்கு அதுவே சான்று.

இரண்டாவதாக, கழுவும் நீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையம், புகை வெளியேற்றும் வசதியுடன் கூடிய உருக்கு மையம், குயவர்களுக்கு எரிவாயுச் சூளை, குருணையின் தரம் சோதிக்கும் ஆய்வகம் ஆகியவற்றைக் குறு, சிறு நிறுவனத் தொகுப்பு மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் அமைக்கலாம். அந்தத் திட்டம் பொது வசதி மையங்களுக்கு மானியம் வழங்குவதற்கென்றே உள்ளது. பொது மையம் இசைவாணை பெற்றால், அதன் வழியாகச் செல்லும் குருணைக்கு மறுசுழற்சிச் சான்றிதழும் கிடைக்கும். தனித்தனிக் கூடங்கள் எட்ட முடியாத சந்தையைக் கூட்டமைப்பு எட்டும்.

மூன்றாவதாக, மாட்டுங்காவின் கல்வி நிறுவனங்களைச் சோதனையாளர்களாகக் கொண்டு தரம் பிரிப்போர், தோல் தைப்போர் ஆகியோரின் முன்கற்ற திறனுக்குத் தாராவியிலேயே சான்றளிக்கலாம். நான்காவதாக, வெளியேற வேண்டிய கூடங்கள் எவை, அவை எந்த இடத்துக்கு, என்ன சுத்திகரிப்பு வசதியுடன் செல்லும் என்பதைக் கட்டடப் பணிக்கு முன்பே மாநில அரசு வெளியிட வேண்டும். தேவ்னார், செம்பூர்ப் பகுதி மக்களுக்கும் அந்தத் தகவலைப் பெறும் உரிமை உண்டு.

இவற்றுக்கு மறுப்பும் உண்டு. இடைக்காலச் சான்று வழங்கினால் தகுதியற்றோரும் இடம் கோருவர், மறுசீரமைப்பு இன்னும் தாமதமாகும் என்பது அதிகாரிகளின் நியாயமான கவலையாக இருக்கும். 2004 முதல் தாராவி பல திட்ட வரைவுகளையும் ரத்தான ஏலங்களையும் கண்டுவிட்டது. இன்னொரு தாமதத்தைக் குடியிருப்போர் விரும்பமாட்டார்கள். அதனால்தான் தொழில் அடையாளம் வேறு, நிலத்தின் மீதான உரிமை வேறு என்பதைச் சான்றிலேயே தெளிவாகக் குறிப்பிட வேண்டும். இந்தச் சான்று ஒருவருக்குச் சதுர அடியைத் தராது. அவர் எங்கு சென்றாலும் தொழிலை உடன் எடுத்துச் செல்லும் தகுதியைத் தரும்.

பெருந்திட்டம் ஒப்புதல் பெற்றுவிட்டது. கணக்கெடுப்பில் எண் பெற்ற கூடங்கள் காத்திருக்கின்றன. மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கின் பங்கு 60 சதவீதத்தை எட்ட வேண்டிய 2028-29க்குள், தாராவியின் குருணை சான்றிதழுடன் சந்தைக்குப் போகிறதா, அல்லது அதைத் தயாரித்தவர்கள் முகவரி தேடி வேறொரு சாக்கடை ஓரத்தில் மீண்டும் தொடங்குகிறார்களா என்பது தெரிந்துவிடும். ஸ்வாவலம்பன் பவனுக்கும் 13ஆவது காம்பவுண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைக்கப் புதிய பாலம் வேண்டியதில்லை. கணக்கெடுப்புப் படிவத்தில் தொழில் நடத்துபவரின் பெயருக்கு ஒரு பத்தி ஒதுக்குவதிலிருந்தே அதைத் தொடங்கலாம்.